பிலோமினாம்மா காருக்கு டர்போ

போன மாதம் ஒரு நாள் காலை. காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு விசில் சத்தம். "ஊய்ங்..." என்று மெல்லத் தொடங்கி, ஏறிக்கொண்டே போய், பிறகு இறங்கி அடங்கியது.

குக்கரா? குக்கருக்கு இவ்வளவு நீளமான மூச்சு கிடையாது. துறைமுகச் சங்கா? அது இப்படிக் கொஞ்சாது.

எட்டிப் பார்த்தேன். விசில் அடித்தது பிலோமினாவின் கார்!

பிலோமினா யார் என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் வாடகைக் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வைத்திருந்து, தானே ஓட்டவும் செய்கிற பெண்மணி, எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பழைய பெரிய கார். டீசல் இன்ஜின் மாற்றியது. கப்பலில் வேலைக்குச் சேர வருகிறவர்கள் மதுரையில் விமானத்தில் வந்து இறங்குவார்கள். அவர்களை ஏற்றி வந்து புதுத் துறைமுகத்தில் விடுவதுதான் அந்தக் காரின் முக்கியமான பிழைப்பு.

ஆரம்பத்தில், "பொம்பள ஓட்டுத வண்டியா?" என்று முகம் சுளித்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்காரர்கள்தான் இன்றைக்கு, "பிலோமினாம்மா வண்டி கிடைக்குமா?" என்று முதலில் கேட்கிறார்கள். காரணம், அந்த வண்டி நேரம் தவறியதே இல்லை. கப்பல்காரர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

கணவர் சேவியர், கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பெரும்பகுதி கடலில். லீவில்தான் வீடு. பிலோமினாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், ஒரு லீவில். அடுத்த லீவுக்கு வந்து பார்த்தால் அம்மாள் லைசென்ஸ் வாங்கி, மதுரைக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறார்!

இந்த முறையும் லீவில் வந்தார். முதல் வாரம் விருந்து. சீலா மீன் குழம்பு வாசனை எங்கள் வீட்டுச் சோற்றுக்கே ருசி கூட்டியது. இரண்டாவது வாரம் மனிதர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். குழாய் ஒழுகுகிறதா? இல்லை, பிலோமினா வாஷர் மாற்றியாகிவிட்டது. ரேடியோ கரகரக்கிறதா? சுத்தமாகப் பாடுகிறது. அடுக்களை ஜன்னல் கொக்கி? புதுசு.

"எனக்குன்னு இந்த வீட்டுல ஒரு வேலையும் மிச்சம் வைக்கல அண்ணாச்சி" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள், கப்பலிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, நத்தை மாதிரிச் சுருண்ட ஒரு இரும்புச் சாமானை எடுத்து வெளியே வைத்தார். ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில், பழைய கார் பாகங்கள் விற்கிற கடையில் வாங்கினாராம். டர்போ!

"இது என்ன செய்யும்?" என்று கேட்டேன். கேட்கலாமா? கேட்டேன்.

"இன்ஜின்லேருந்து புகை சும்மாதான வெளிய போவுது? அதை வச்சு இந்தச் சக்கரத்தைச் சுத்த விடுதோம். சக்கரம் சுத்துனா காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா டீசல் கூட எரியும். ஹார்ஸ்பவர் கூடும்! எங்க கப்பல்ல இது ஒரு ரூம் பெருசு இருக்கும் அண்ணாச்சி."

பிலோமினா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப இருக்குத ஹார்ஸ்பவருக்கு என்ன கொறச்சல்?"

"ஏளா, ஒரு லாரியத் தாண்டதுக்குள்ள அடுத்த ஊரு வந்துருது."

"வந்தா என்ன? நல்ல ஊருதான?"

ஆனாலும் சம்மதித்துவிட்டார். ஏன் என்று தனியாகக் கேட்டேன். "செய்யட்டும் அண்ணே. கை சும்மா இருந்தா அவுகளுக்கு முகமே வாடிப் போவுது" என்றார்.

லேத் பட்டறையில் குழாய் வளைத்து, வெல்டிங் வைத்து, ரப்பர் பைப் மாட்டி... ஒரு வழியாக வண்டி தயார். காலையில் நான் கேட்ட விசில் அந்தச் சக்கரம் சுற்றிய சத்தம்தான்.

வெள்ளோட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். துறைமுகச் சாலை. இரண்டு பக்கமும் உப்பளம். முன்னால் நிலக்கரி லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பிலோமினா மிதித்தார். விசில் ஏறியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பிலோமினா வாய்விட்டுச் சிரித்தார்! அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சேவியரோ சாலையைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியுமா?

"இன்னும் கொஞ்சம்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே... வண்டி நன்றாக ஓடுகிறது, இன்னும் கொஞ்சம் ஓடினால் என்ன? சேவியர் மறுபடியும் பானெட்டைத் திறந்தார். காற்றின் அழுத்தம் அளவுக்கு மீறினால் திறந்துவிட ஒரு சின்ன மூடி இருக்கிறதாம். அதன் ஸ்பிரிங்கை இறுக்கினார். டீசல் பம்பின் ஸ்க்ரூவைத் திருப்பி, டீசலையும் கூட்டினார்.

"இப்ப ஏத்துனதே போதுமே?" என்றார் பிலோமினா.

"நாளைக்கு மதுர ரோட்டுல பாரு. பொறவு சொல்லு."

மறுநாள் சாதாரண சவாரி இல்லை. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் சீஃப் இன்ஜினியர் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில். அவருக்குப் பதில் வருகிறவர் மதுரையில் இறங்குகிறார். அவர் வந்து ஏறினால்தான் கப்பல் நகரும். சாயங்காலம் நகர்ந்தே ஆக வேண்டும். "உங்களை நம்பித்தாம்மா சொல்லிருக்கோம்" என்று ஏஜென்ட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மதுரையில் கண் டாக்டரிடம் வேலை இருந்தது. பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். சேவியர் முன்னால், மனைவிக்குப் பக்கத்தில். போகும்போது வண்டியா அது? பறவை! விமானம் இறங்குவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். நானும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன்.

வந்தவர் கிரேக்க நாட்டுக்காரர். பெரிய உடம்பு, சின்னப் பெட்டி. பிலோமினா கொடுத்த தூத்துக்குடி முந்திரி இனிப்பு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

அருப்புக்கோட்டை தாண்டியது. கரிசல் காடு. திடீரென்று பானெட்டுக்குள்ளே "டமார்!"

விசில் நின்றது. பின்னால் திரும்பினால் ரோட்டையே காணோம், அத்தனை கரும்புகை. வண்டி மாட்டுவண்டி மாதிரி தள்ளாடி ஓரத்தில் நின்றது. கூடுதல் அழுத்தம் தாங்காமல் ரப்பர் பைப் வெடித்து வாயைப் பிளந்திருந்தது.

பிலோமினா கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். சேவியருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"இங்கன யாரு கடை வச்சிருக்கான், பைப் வாங்க..." என்று முனகினார்.

பிலோமினா டிக்கியைத் திறந்து, ஒரு தகரப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே லாரி டியூப் துண்டுகள், கட்டுக்கம்பி, ஃபேன் பெல்ட், சோப்புக் கட்டி, டார்ச் லைட், ஒரு போர்வை, ஒரு ஜெபமாலை.

சேவியர் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எப்ப வாங்குன?"

"நீங்க இல்லாதப்ப வண்டி வழியில நிக்காதா? நின்னுருக்கு. எட்டயபுரத்துக்கு அங்கிட்டு ஒரு நாள் விடியுத மட்டும் நின்னுருக்கேன்."

"எனக்கு எழுதவே இல்லையே?"

"எழுதி? நீங்க நடுக்கடல்ல இருந்து இறங்கி வருவியளாக்கும்?"

கேலியாகத்தான் சொன்னார். சேவியர் சிரிக்கவில்லை. டியூப் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. கிரேக்கர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தானும் பானெட்டுக்குள் தலையை விட்டார். இரண்டு கப்பல் இன்ஜினியர்களும் அரை இங்கிலீஷும் முழுக் கைஜாடையுமாகப் பைப்பின் கிழிசலில் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார்கள்.

"ஸ்பிரிங்கு?" என்று கேட்டார் பிலோமினா.

"இப்படியே விட்டா மெதுவா மிதிச்சு..." என்று இழுத்தார் சேவியர்.

"முதல்ல ஏத்துன அளவுக்கு இறக்கிருங்க. அது நல்லாத்தான இருந்துச்சு? எனக்கு அது போதும்."

சேவியர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஸ்பானரை எடுத்தார். ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். பம்ப் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பினார். கிளப்பியபோது விசில் மெல்லக் கேட்டது. புகை இல்லை.

துறைமுகம் வந்தபோது கப்பலின் ஏணி இன்னும் இறக்கித்தான் இருந்தது. ஏஜென்ட் ஆபீஸ்காரர் ஓடி வந்து கதவைத் திறந்தார். கிரேக்கர் இறங்கினார், பிலோமினாவிடம் கை நீட்டிக் குலுக்கினார். பிறகு சேவியரின் முதுகில் ஒரு தட்டு. 'இவளை விட்டுவிட்டு எதற்கய்யா கப்பலுக்கு வருகிறாய்?' என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் கப்பல் அசைந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

அதற்குப் பிறகு எந்தச் சவாரிக்கும் சேவியர் கூடவே போகிறார். பெட்டி தூக்குகிறார், கண்ணாடி துடைக்கிறார். "பிலோமினாம்மா வண்டிக்குக் கிளீனர் போட்டாச்சு போல?" என்று துறைமுக வாசலில் கேலி செய்கிறார்களாம். "ஆமா, நல்ல முதலாளியம்மா" என்கிறாராம்.

ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். வீட்டிலோ வண்டியிலோ நாம் 'கூட்ட' நினைப்பதெல்லாம், பெரும்பாலும் எதிரிலிருக்கிறவர் நம்மை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கட்டும் என்பதற்காகத்தான். பார்த்துவிட்டார் என்றால் ஸ்பிரிங்கைத் தாராளமாகத் தளர்த்திவிடலாம்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் மணப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். சவாரி இல்லை, சும்மா ஒரு சுற்று. கடற்கரைச் சாலையில் நான் பார்க்கையில் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள்.

அவ்வளவு ஹார்ஸ்பவர் உள்ள அந்தக் காரை ஒரு சைக்கிள் நிதானமாக மணியடித்துத் தாண்டிப் போனது!