இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு ‘ஓம்’மும்

என் கணவர் பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் புதியதோடு வந்து முற்றத்தில் நின்ற அன்று, நான் கேட்டது ஒரே கேள்விதான். "உதிலை ஆர் ஏறுறது?"

"நீர்தான். வேறை ஆர்?"

"ஏணி எங்கை?"

அவர் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டும் ஒரே சாதி. காடு மேடெல்லாம் ஓடுவதற்கென்று ஒரே கொம்பனி செய்தவை. பழையது எண்பத்து மூன்றில் வாங்கியது. புதியது அதே வண்டியின் பிந்திய மொடல். அதோடு வந்த புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரன் மலைக்கு மேலாகப் பாய்ந்துகொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று பெயரில் ஒன்று இருக்கிறது, அதிலும் ஏற முடியாது, இறங்கிக் குளிக்கத்தான் முடியும். ஆனால் என் கணவர் தென்மராட்சித் தோட்டங்களுக்குள் போய்த் தேசிக்காயும் பலாப்பழமும் வாங்கிக் கொடிகாமம் சந்தையில் விற்பவர். அந்த ஒழுங்கைகளில் மணல் முழங்கால் மட்டும் இருக்கும். ஆகவே அவருக்கு இந்தச் சாதி வண்டி தேவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர் ஏமாந்ததைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஏமாற்றியவர் அவருடைய கூட்டாளி, குருநகர் மீன்காரர். கனடாவுக்குப் போன தம்பி புதியதை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். "என்னட்டை உது வீணாக் கிடக்குது, மச்சான். மீன் பெட்டி கட்டுற எனக்கு ஏன் உந்த வடிவான சாமான்? உன்ரை பழசைத் தா, இதைக் கொண்டு போ" என்றாராம். என் கணவர் இரவிரவாகச் சிரித்தார். மீன்காரனைப் பேய்க்காட்டிவிட்டேன் என்றார். யார் யாரைப் பேய்க்காட்டினது என்பது அடுத்த நாள் காலையில் தெரிந்தது.

அப்போது போர்க்காலத் தடையால் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்குள் வராத காலம். எல்லோரும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். சூடானதும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடும். பழையதுக்கு நாலு துளியும் தேவையில்லை, இரண்டு போதும். எந்த எண்ணெயை ஊற்றினாலும் குடித்தது. நல்லெண்ணெய் ஊற்றினாலும் ஓடியிருக்கும், ஊற்றிப் பார்க்க எங்களிடம் நல்லெண்ணெய் இருக்கவில்லை. வழியில் நின்றால் ஒரு உதை, பிறகு போகலாம்.

புதியதுக்குப் பத்துத் துளி வேண்டும். பிடித்தாலும் தொண்டையில் முள் சிக்கினது போலக் கக்கும். சூட்டோடு நின்றுவிட்டால் முழுதாக ஆறும் வரைக்கும் பிடிக்காது. இதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. எஞ்சினை நிறுத்தக் கூடாது. அவர் முன்னுக்கு இருந்து முறுக்கிக்கொண்டே இருப்பார், நான் ஓடிவந்து ஏறவேண்டும். "ஏறிட்டீரோ?" என்று கேட்பார். "ஓம்" என்றால் அடுத்த நொடி வண்டி பறக்கும்.

பழையதில் அவர் கேட்டதே இல்லை. பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சுருள் வில் இருந்தது. நான் இருந்ததும் அவை கிரீச்சென்று கத்தும், வண்டி ஒரு சாண் பதியும். அவருக்குத் தெரிந்துவிடும். ஊருக்கும் தெரிந்துவிடும். சீற் பதிவாக இருந்தது. சேலையோடு ஒரு பக்கமாக இருக்க, கொடிகாமத்தில் இரும்பு ஒட்டுகிறவர் கால் வைக்க ஒரு இரும்பும் பொருத்தித் தந்திருந்தார். புதியதில் சீற்றுக்குக் கீழே எங்கேயோ ஒரே ஒரு வில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதில் நான் இருந்தாலும் ஒன்றுதான், காகம் இருந்தாலும் ஒன்றுதான். உயரம் லொறியின் கூரை. கால் வைக்க இடமில்லை. சேறு தட்டுகிற தகட்டைச் சில்லில் இருந்து ஒரு முழம் மேலே பூட்டியிருக்கிறார்கள், அது வானத்துச் சேற்றைத் தடுப்பதற்குப் போலும். சில்லின் சேறெல்லாம் எனக்கு. முன்பிறேக் மட்டும் திறம் என்று கணவர் சொல்வார். திறம்தான். அதைப் பிடித்தால் என் மூக்கு அவருடைய முதுகெலும்பில் போய் இடிக்கும். நான் இடித்துவிட்டு ஏசுவேன். தினமும் நடப்பது.

எனக்கு இதெல்லாம் பொறுக்கலாம். சிவப்புக் கோட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். வீடு புத்தூரில். கணவர்தான் தன் வேலைக்குப் போகிற வழியில் என்னைக் கொண்டுபோய் விடுவார். காலை எட்டு மணிக்கு அதிபர் அடிமட்டத்தை வைத்துக் கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் பிந்தியது என்று கணக்கு. அந்த வருடம் புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் காலியானது. எனக்கு அது வேண்டும். மகளுக்கு மூன்று வயது. நாங்கள் இருவரும் விடிய வெளிக்கிட்டால் அவள் பொழுதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவோடு. அக்காவை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். அக்கா திருத்தவும் இல்லை.

இடமாற்றப் படிவத்தில் அதிபர் கையெழுத்து வைக்கவேண்டும். அவர் சொன்னார்: "ரீச்சர், இந்த மாதம் மூண்டு தரம் கோட்டுக்குக் கீழை விழுந்தால் படிவத்தை என்னட்டைக் கொண்டு வரவேண்டாம். நேரத்துக்கு வராத ஆளை நான் இன்னொரு அதிபரின்ரை தலையிலை கட்டமாட்டன்."

புதிய மோட்டார் சைக்கிள் வந்து பத்து நாளில் இரண்டு தரம் விழுந்துவிட்டேன். ஒரு தரம் அது சந்தியில் நின்றது. மற்றத் தரம் வீட்டிலேயே பிடிக்கவில்லை. மாதம் முடிய இன்னும் ஒரு கிழமை இருந்தது.

அன்று வண்டி பதினாலு துளிக்குப் பிடித்தது. அவர் படலைக்கு வெளியே முறுக்கிக்கொண்டு நின்றார். புகையில் அவருடைய தலை தெரியவில்லை. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவர் கேட்டார். "ஏறிட்டீரோ?" அதே நேரம் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. "பிள்ளையின்ரை பாலுக்குச் சீனி போடவோ?"

நான் அக்காவுக்கு "ஓம்" என்றேன்.

மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

புகை அடங்கினபோது ஒழுங்கையில் நான் நின்றேன், ஒரு செருப்பு கழன்று கிடந்தது. அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு நீர் போகேல்லையோ?"

"நான் ஏறிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு ஒருத்தர் போறார்" என்றேன்.

கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. நடந்து பெரிய வீதிக்கு வந்தேன். பஸ் வருகிற காலமில்லை, சைக்கிளில் போனால் ஒன்பது மணி. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றபோது பழக்கமான சத்தம் ஒன்று வந்தது. எங்கள் பழைய மோட்டார் சைக்கிள். குருநகர் மீன்காரர் எங்கள் ஊரில் பாதி மீனை விற்றுவிட்டு மீதியைக் கொடிகாமத்துக்குக் கொண்டுபோகிறார். நான் வீதியின் நடுவில் போய் நின்றேன். அவர் எஞ்சினை நிறுத்தியே கதைத்தார். அதுதான் அந்த வண்டி.

"என்ன ரீச்சர், மச்சான் எங்கை?"

"முன்னாலை போறார். பின்னாலை நான் இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு."

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு தலையைச் சொறிந்தார். ஊர் என்ன சொல்லும் என்பது அவருடைய கவலை. எனக்கும் அந்தக் கவலை இருந்தது, எட்டு மணிக்குப் பிறகு படலாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார்.

"பெட்டியை நடுவிலை வைக்கிறன், ரீச்சர். நீங்கள் பெட்டிக்கு அங்காலை. மீனைத் தாண்டி ஒருத்தரும் கதை கட்டேலாது."

முன்னுக்கு அவர், நடுவில் திரளி மீன், பின்னுக்கு நான். இருந்ததும் வில் இரண்டும் கிரீச்சென்றன. காலுக்குப் பழைய இரும்பு இருந்தது. ஒரே உதையில் பிடித்தது. மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் மடியில் விழுந்தது. வெள்ளிக்கிழமையாக இல்லாதது ஒன்றுதான் அன்று நான் செய்த புண்ணியம்.

மீசாலைக்குப் போகிற வீதியில் நீரேரிக்கு மேலாக ஒரு பாலம் இருக்கிறது. தூரத்திலேயே புதிய மோட்டார் சைக்கிள் தெரிந்தது, பாலத்தின் ஓரத்தில் சாத்தி நின்றது. ஆளைக் காணவில்லை. கிட்டப் போனதும் கண்டேன். என் கணவர் காற்சட்டையைத் தொடை மட்டும் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். கையில் ஒரு தடி. அடியில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை அவர் பிறகு சொன்னார். புத்தூரில் இருந்து பாலம் வரைக்கும் தேசிக்காய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தாராம். நான் பதில் சொல்லவில்லையாம். கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்தாராம். நினைத்தது சரி, இடம்தான் பிழை. பாலத்தில் ஒரு மாடு குறுக்கே வர முன்பிறேக்கைப் பிடித்தாராம். முதுகில் ஒன்றும் இடிக்கவில்லை. ஏச்சும் இல்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாராம். அந்தப் பயத்தில் எஞ்சினும் நின்றுவிட்டது, பிறகு பிடிக்கவில்லை. நான் தண்ணீருக்குள் விழுந்துவிட்டேன் என்று முடிவுகட்டி இறங்கிவிட்டார்.

"ரீச்சர், உங்கடை மனிசன் தண்ணிக்கை நிக்கிறார்" என்றார் மீன்காரர், வேகத்தைக் குறைத்தபடி.

"நிக்கட்டும். நில்லாதேங்கோ, அண்ணை. எட்டு மணி."

"பாவம், உங்களைத்தானே தேடுறார்."

"நான் செத்துப்போகேல்லை எண்டு போற போக்கிலை சொல்லுவம்."

கடந்து போகும்போது என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில், தன்னுடைய கூட்டாளிக்குப் பின்னால், மீன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனைவி போவதைப் பார்த்த மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கண்டிருக்கிறேன்.

"இஞ்சேர், உம்மைத்தான் தேடுறன்" என்றார்.

"தேடுங்கோ" என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் குதித்து அதிபரின் அறைக்குள் ஓடினேன். அடிமட்டம் புத்தகத்தின் மேல் இருந்தது. சிவப்புப் பேனை பாதி வழியில் இருந்தது.

"கோடு போட்டாச்சு, ரீச்சர்."

"பாதிதான் போட்டிருக்கிறியள், சேர்."

"தொடங்கினால் முடிஞ்ச மாதிரித்தான்."

"அப்ப பிள்ளையளுக்கும் பாடத்தைத் தொடங்கிப்போட்டு வீட்டை போகட்டோ?"

நான் காத்திருக்கவில்லை. கோடு வராத மீதிப் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டேன். மீன் தண்ணீர் ஒரு சொட்டும் விழுந்தது. அதிபர் அடிமட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"என்ன மணம் இது?"

"திரளி, சேர். கொண்டுவந்தவர் வாசலிலை நிக்கிறார். என்னை எத்தினை மணிக்கு இறக்கினவர் எண்டு கேளுங்கோ. கூப்பிடட்டோ?"

"வேண்டாம், வேண்டாம்" என்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். அடிமட்டத்தை எடுத்துவிட்டு, வெறுங்கையால் என் கையெழுத்துக்குக் கீழாகக் கோட்டை வளைத்து முடித்தார். பாம்பு போல ஒரு கோடு. இருபது வருட அதிபர் வாழ்க்கையில் அவர் வளைத்த ஒரே கோடு அதுவாகத்தான் இருக்கும். பிறகு சொன்னார்: "அந்தப் படிவத்தை நாளைக்கே கொண்டு வாங்கோ. மாத முடிவு மட்டும் வைச்சிருக்காதேங்கோ."

அடுத்த நாள் கொடுத்தேன். ‘இவரை விடுவிப்பதில் இப்பாடசாலைக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை’ என்று எழுதினார். ‘எவ்வித’ என்ற சொல்லைப் பிறகு யோசித்து இடையில் செருகியிருந்தார்.

கணவர் மீன்காரரிடம் போய்ப் பழையதைத் திருப்பிக் கேட்டார். "வீட்டிலை உது வசதியில்லையாம், மச்சான்" என்று என் தலையில் போட்டுக் கேட்டிருக்கிறார். மீன்காரர் மறுத்துவிட்டார். "ரீச்சருக்கு அவசரமெண்டால் எப்பவும் பெட்டிக்குப் பின்னாலை இடமிருக்குது எண்டு சொல்லு" என்றாராம். இதை என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டிய அவசியம் என் கணவருக்கு இல்லை. சொன்னார். அன்று வீட்டில் சமைக்கவில்லை.

தை மாதம் புத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். எட்டு நிமிட நடை. இரண்டு மணிக்கு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன். அவள் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, ரீச்சர் வந்திருக்கிறா" என்றாள் அக்காவிடம்.

"அது ரீச்சர் இல்லை, பிள்ளை" என்றா அக்கா, முதன்முறையாகத் திருத்தி.

நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் கத்தினாள். கத்தட்டும். எனக்கு அன்று வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை.