விட்டுப்போன பெயர்

பாகூரில் வைஜெயந்தியைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் பாட்டைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. பகலில் தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஜெயசீலனின் வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுவாள். அவன் டிரம்ஸ் அடிப்பான்.

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா மகன் விட்டுவிட்டுப் போன கிதார் அது. பங்க் என்கிற கத்தல் பாட்டுகளையும் அவன்தான் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான். கிதாரில் மூன்றே விரல்பிடி, மிச்சமெல்லாம் கோபம். அதைக் கேட்டதும், களையெடுக்கும் பெண்கள் மேஸ்திரியை வைது பாடுவதுதான் அவளுக்கு நினைவு வந்தது. நடவுப் பாட்டு மெட்டில் தொடங்கி, பாதியில் கிதாரை அலறவிட்டு, தொண்டை கிழியக் கத்தி முடிப்பாள்.

போன தேர்தலுக்குப் பிறகு ஒரு பாட்டு எழுதினாள். ஓட்டுக்கு குக்கர் வாங்கிய ஊர், மனைப்பிரிவுக்காக வாய்க்காலை மூடியபோது வாயே திறக்கவில்லை என்று.

‘குக்கரு கூவுதடி, கொல்லையெல்லாம் காயுதடி, விசிலுக்குத் தலையாட்டி வித்துப்புட்டோம் வாய்க்கால.’

யூடியூபில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். டவுனிலிருந்து பாராட்டு வந்தது. அடுத்த வாரம் அவள் தெருவிலிருந்து சின்னபொண்ணு பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். களையெடுக்கப் போகும் செட்டுக்கு அவள்தான் தலைவி.

“அந்தப் பாட்டு நீ பாடனதுதான?”

“ஆமாக்கா. கேட்டியா?”

“கேட்டேன். குக்கரு எங்க வூட்லதான் இருக்குது. அதுக்கு வாய்க்கால்ல மண்ணு கொட்டனவ நானா?”

வைஜெயந்தி மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“கொட்டனவன் பேரு இன்னான்னு ஒனக்குத் தெரியும். பாட்டுல காணமே. எங்கள வஞ்சா யாரும் வந்து கேக்க மாட்டாங்கன்னுதான?”

அரிகரன் என்ற அந்தப் பெயரை வைஜெயந்தி முதலில் எழுதித்தான் இருந்தாள். பிறகு அடித்துவிட்டாள். மனைப்பிரிவு மட்டுமல்ல, மருந்துக் கடை இருக்கும் கட்டடமும் அவருடையது.

மூன்று வாரம் உட்கார்ந்து பாட்டை மாற்றினாள். கடைக்காரர் இளங்கோவிடம் முதலிலேயே சொன்னாள்.

“ஒங்களுக்குத் தொந்தரவு வந்தா நான் நின்னுக்கறேண்ணா.”

“எழுதறத எழுதும்மா. கட பேர மட்டும் இழுக்காத.”

ஒரு ஞாயிறு மாலை ஏரிக்கரையில் பாடினாள். களையெடுக்கும் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவை அரிகரன் பெயர் வந்தபோது ஜெயசீலனின் அடி தடுமாறியது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுபடி பிடித்துக்கொண்டான்.

பத்து நாளில் கடையைக் காலி செய்யச் சொல்லி அரிகரனின் ஆள் வந்தான். பாடியவள் போய்விட்டால் பார்க்கலாம் என்றான். இளங்கோ சொல்லும் வரை அவள் காத்திருக்கவில்லை; வேலையை விட்டு நின்றுகொண்டாள். இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். சம்பளம் குறைவுதான்.

அந்தப் பாட்டை போனில் போட்டுக் காட்டித்தான் சின்னபொண்ணு செட்டு வாய்க்காலை மீட்கக் கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து சேர்த்தது. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். பாதி வாய்க்கால் வெட்டியாயிற்று, மீதி கோர்ட்டில் இருக்கிறது. இந்தக் கார்த்திகையில் ஆறு பேர் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. வைஜெயந்தி வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, வரப்பில் இறங்கி, தண்ணீர் போகிற திசையிலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாள்.