ரஞ்சியின் காணிக்கு யார் சம்மதம்?

போன ஞாயிறு மாலை ரஞ்சியின் பல்கனியில் இருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. மழை விட்டிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம். கீழே கரையோர ரயில், போக வேண்டிய இடமே இல்லாததுபோல, மெல்லத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

ரஞ்சி மேசையில் பெரிய தாளை விரித்து ஒரு ஜன்னல் வரைந்துகொண்டிருந்தாள். தரையை ஒட்டினாற்போல்.

"என்னடி, இவ்வளவு பதிவா?"

"மூண்டு வயசுப் பிள்ளையள் நிண்டு வெளிய பாக்க வேண்டாமே?"

ரஞ்சி என் பள்ளித் தோழி. கட்டிடப் பொறியியலாளர். இந்தப் பக்கத்து மாடி வீடுகள் பல அவளுடைய கையெழுத்தை நம்பித்தான் நிற்கின்றன. இடி விழுந்தாலும் அசையாத கையெழுத்து! ஆனால் இந்தச் சின்ன ஜன்னலை வரைய அவள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தாள். ஏன் தெரியுமா?

யாழ்ப்பாணத்தில் அவளுக்கு ஒரு காணி. அம்மா சீதனமாக எழுதிக் கொடுத்தது. அவளுடைய தங்கை வசந்தி அங்கே ஒரு கொட்டகையில் பாலர் பாடசாலை நடத்துகிறாள். வசந்தி திருமணம் செய்துகொள்ளாதவள். மழை வந்தால் பிள்ளைகளை கூரை ஒழுகாத மூலைக்கு ஒதுக்கி வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்த ரஞ்சிக்கு நித்திரை வரவில்லை. காணியைத் தங்கையின் பெயரில் எழுதுவது, கட்டிடத்தைத் தானே வரைந்து கொடுப்பது என்று முடிவெடுத்தாள். காணி உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"மிஸ்டர் வரேல்லையோ?" என்று கேட்டார் நொத்தாரிசு.

"அவர் மெல்பேர்ன்ல."

"அப்ப அவற்ற சம்மதம் எழுத்தில வேணும்."

"காணி என்ர. என்ர அம்மா தந்தது."

"ஓம் தங்கச்சி, காணி உங்கட தான். ஆனா விக்கிறதெண்டாலும் குடுக்கிறதெண்டாலும் அவர் சம்மதிக்கோணும். தேசவழமை அப்பிடி."

ரஞ்சி சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள்.

பகிடி இல்லை. தேசவழமை வடக்குத் தமிழருக்கான பழைய சட்டம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கலியாணம் கட்டிய எனக்கும் அதே சட்டம்தான். திருமணமான பெண் தன் நகையை விற்கலாம். தன் நிலத்தை விற்கவோ கொடுக்கவோ கணவன் சம்மதிக்க வேண்டும். அதே கணவன் தன் சொந்த நிலத்தை விற்க? யாரையும் கேட்க வேண்டியதில்லை. உலகத்துக்கே முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது...

ரஞ்சியும் கணவரும் பிரிந்து பல வருடங்கள். விவாகரத்து எடுக்கவில்லை; சண்டை போடக்கூட எதுவும் மிச்சமில்லை. அன்று பின்னேரமே ரஞ்சி அவருக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"இவ்வளவு காலமா ஒண்டுக்கும் என்னைக் கேக்கேல்ல. இப்பதான் கேக்கிறீர், என்ன? யோசிச்சுச் சொல்றன்."

குரலில் கோபம் இல்லை. ஒரு மெல்லிய சந்தோஷம் இருந்தது. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் யோசித்தார். வெயில் வந்தது, போனது. அவர் யோசித்தார். யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கி, கொட்டகைக்குள் தண்ணீர் வந்து, வசந்தி பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பாத்திமா என்ற இளம் சட்டத்தரணிதான் வழி சொன்னாள். "ஆன்ட்டி, புருஷன் காரணமில்லாம இழுத்தடிச்சா அவருக்குப் பதிலா கோர்ட் சம்மதம் குடுக்க ஏலும். கேஸ் போடுவம்."

அப்படித்தான் ஒரு மழைக்காலை புதுக்கடை நீதிமன்ற விறாந்தையில் ஒரு நீள வாங்கில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஓட்டில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஈரக் குடைகளின் வாசம், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்து பருப்புவடை வாசம். எனக்குக் கண் சொருகியது.

பாதி நித்திரையில் அந்த விறாந்தை நீண்டுகொண்டே போனது. பழைய காலத்துப் பெண்கள் குடையை மடக்கியபடி படியேறி வந்தார்கள். வாக்குரிமை கேட்டவர்கள். சட்டத்தரணியாகக் கறுப்புக் கோட்டுப் போட அனுமதி கேட்டவர்கள். தேயிலைத் தோட்டத்தில் ஆணுக்குச் சமமான கூலி கேட்டவர்கள். சேலைக் கரையில் இருந்து தண்ணீர் சொட்ட, ஒருத்தி பக்கத்தில் ஒருத்தியாக, சத்தமில்லாமல் வந்து அதே வாங்கில் அமர்ந்தார்கள். வாக்குரிமை கேட்ட காலத்தில், பெண்ணுக்கு எதற்கு வாக்கு என்று கேட்டவர்கள் பாமரர் இல்லை. நன்றாகப் படித்த பெரியவர்கள்! அவர்களும் இந்தப் பெண்களை எவ்வளவு காலம் இப்படி உட்கார வைத்திருப்பார்கள்? ஒருத்தி என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்...

"ஆன்ட்டி, எழும்புங்க. நம்மட கேஸ்."

உள்ளே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. நீதிபதி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "கணவர் ஏன் சம்மதம் தரவில்லை?"

ரஞ்சி நிமிர்ந்து நின்றாள். "அவர் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஒரு வருசத்துக்கு மேல யோசிக்கிறார்."

மொழிபெயர்த்து முடிந்ததும் பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டினார், பாத்திமாவிடம் ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். பிறகு கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றம் சம்மதம் வழங்குவதாகக் கட்டளையிட்டார். அவ்வளவுதான். இவ்வளவு காலம் அடைத்துக்கிடந்த கதவு, ஒரு வாக்கியத்தில் திறந்தது.

திரும்பி வரும்போது எனக்குத்தான் ஆட்டோ முழுக்கச் சந்தோஷம். ரஞ்சி மரைன் டிரைவில் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மழைத்திரைக்குப் பின்னால் கப்பல் ஒன்று தெரிவதுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது.

"வெண்டிட்டாய். ஏனடி சந்தோசமில்ல?" என்றேன்.

"ஒரு ஆம்பிளை சொல்லாததை இன்னொரு ஆம்பிளை சொல்லிப்போட்டார். நல்ல மனுசன், பிழை சொல்லேல்ல. ஆனா நான் சொன்னது... அது ஏன் போதாமப் போச்சு?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

கட்டளையின் பிரதி கைக்கு வந்ததும் வசந்தி கொழும்புக்கு வந்தாள். அதே நொத்தாரிசு; நானும் கூடவே. அக்கா கையெழுத்திட்டாள். தங்கை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற அதே உருண்டை எழுத்தில், நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

"இனி இது உங்கட காணி," என்றார் நொத்தாரிசு. "நீங்கள் கலியாணம் கட்டாதபடியா ஒருத்தரையும் கேக்கத் தேவையில்ல. விக்கலாம், குடுக்கலாம், உங்கட விருப்பம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர், பழக்கதோஷமோ என்னவோ, தொடர்ந்தார். "வயசும் பெரிசாப் போகேல்லத்தானே... நல்ல இடமொண்டு எனக்குத் தெரியும். சொல்லட்டோ?"

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். பக்கத்து அறையில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு! வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "முதல்ல கூரையைப் போடுவம் ஐயா."

'பாவம், ஒண்டும் சரிவரேல்ல' என்று ஊர் இத்தனை வருடம் இரங்கிய அந்தப் பெண்தான், அந்த அறையில் இருந்த எங்கள் மூன்று பெண்களிலும் — சட்டப்படி — முழு மனுஷி.