சறுக்குமர உச்சியில் தள்ளக்கா

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் பெரிய சறுக்குமரத்தில் மரம் என்று ஒரு சிராய்கூடக் கிடையாது. உச்சியிலிருந்து அடிவரை தகடு. மூன்று மாடி உயரம். உச்சியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, பூங்காவில் எல்லோருக்கும் அவள் தள்ளக்கா.

ஏறி வருகிறவர்களுக்கு உட்காரச் சாக்கு கொடுக்க வேண்டும். காலை நீட்டச் சொல்ல வேண்டும். கீழே எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போகிறவர்களை முதுகில் கைவைத்து அனுப்பிவிட வேண்டும். கடைசி வேலையைத்தான் அவள் மனசாரச் செய்தாள். "கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன்" என்பவர்களிடம், "கீழ போய் வாங்கிக்கலாம்" என்பாள். சொல்லி முடிக்கும்போது அந்த ஆள் பாதி வழியில் இருப்பார். வாடகைக்கு வீடு விட்டவரையே அப்படி ஒருமுறை அனுப்பியிருக்கிறாள்.

அவள் புருஷன் தையல்காரர். பூங்கா வாசலுக்கு எதிரே மிஷின் போட்டிருந்தார். வாயைத் திறந்தால் ஊசி விழுந்துவிடும் என்பதுபோல் பேசாத மனிதர். அவருக்கு அந்த இடம் தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் யார் நம்புவார்கள்? பூங்காச் சாக்குகள் தேய்ந்து தேய்ந்து கொசுவலையாகியிருந்தன. சறுக்கி இறங்கியவர்களின் பேன்ட் பின்புறம் முதலில் பளபளத்தது, பிறகு பொசுங்கியது, சிலருக்குத் தோலும் கொஞ்சம் போனது. பையால் பின்புறத்தை மறைத்தபடி வெளியே வந்தால், நேர் எதிரே தையல் மிஷின். மேலே பெண்டாட்டி பொசுக்குகிறாள், கீழே புருஷன் ஒட்டுப் போடுகிறான் என்று ஊர் பேசியது.

பேச்சு முதலாளி காதுக்கும் போயிற்று. அவர் அவளைவிட வயதில் சிறியவர்.

"அக்கா, வெளியில ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. நீங்களும் மாமாவும் கூட்டு சேர்ந்து..."

"தம்பி, அவரோட கூட்டு சேர்ந்து ஒரு அலமாரியைக்கூட நகர்த்த முடியாது. இதுல திட்டம் வேற போடுவமா?"

சொல்லிவிட்டு வந்தாளே ஒழிய, அத்தோடு விடவில்லை. மறுநாள் காலை பூங்கா திறக்கும் முன்பே மெழுகும் பழந்துணியுமாக ஏறினாள். உச்சியில் தொடங்கி அடிவரைக்கும் ஒரு சாண் விடாமல் தேய்த்தாள். இனி எவன் பேன்ட் பொசுங்குகிறது பார்க்கலாம்.

முதலாளி தகட்டைத் தடவிப் பார்த்தார். விரல் நிற்கவில்லை. மனம் குளிர்ந்துபோனார். முதல் ஆளாகத் தானே இறங்குவதாகச் சொல்லி, வெள்ளை பேன்ட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு கொஞ்சம் யோசித்தார். யோசிக்கிறவர்களை என்ன செய்வது என்பது தள்ளக்காவுக்குத் தெரியும்.

மற்ற நாட்களில் சறுக்கி வருகிறவர்கள் அடிவாரத்தில் சோர்ந்து நின்றுவிடுவார்கள். மிச்ச தூரத்தைக் கையால் துழாவிக் கடக்க வேண்டும். முதலாளி நிற்கவில்லை. மணல்மேட்டைத் தாண்டினார். மூங்கில் தட்டியைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பழச்சாறுக் கடை மேஜைக்கு அடியில் அடங்கினார். பேன்ட்டில் ஒரு கீறல் இல்லை. தோள்பட்டைதான் இறங்கியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் தள்ளக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "மெழுகு தேய்க்கலைன்னா சுடுது, தேய்ச்சா பறக்குறான். நான் என்னதான் பண்றது?"

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். இயற்பியலில் ஒருமுறை தவறி மறுபடி எழுதித் தேறியதால் பாடம் நன்றாகவே மனதில் தங்கியிருந்தது.

"அம்மா, மூணு மாடி ஏறுனா கால் வலிக்குதில்ல? அப்படி ஏத்துன சக்தி இறங்கும்போது எங்கேயும் காணாமப் போகாது. உரசுனா சூடா மாறும். உரசலைன்னா வேகமாவே இருக்கும். மெழுகு பூசி சூட்டைக் குறைச்ச, அது அப்படியே அவர் வேகத்துல சேர்ந்துடுச்சு."

"சரி, அப்ப சூடு வந்துதான் ஆகணும்."

"வரட்டும். ஆனா அது மனுஷன் மேல ஏன் வரணும்? சாக்குல வரட்டும்."

தையல்காரர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "நாலு மடிப்பு கேன்வாஸ் வச்சுத் தைக்கலாம்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

சறுக்கின் கீழ்ப்பாதியில் மெழுகைச் சுரண்டி எடுத்தார்கள். அடிவாரச் சமதளத்தில் சொரசொரப்பான தேங்காய்நார் விரிப்பை நீளமாகப் போட்டார்கள். புதுச் சாக்கை யார் சோதிப்பது? தோளில் கட்டோடு நின்ற முதலாளி நாலடி பின்னால் போய் நின்றார். தைத்தவரே உட்காரட்டும் என்றாள் தள்ளக்கா. பல வருஷக் குடும்ப வாழ்க்கையில் சேர்ந்ததையெல்லாம் கூட்டி, அவர் முதுகில் இரண்டு கையும் வைத்தாள்.

அவர் மேல்பாதியில் சர்ரென்று போனார், கீழ்ப்பாதியில் தணிந்தார், விரிப்பின் நடுவில் பூப்போல நின்றார். எழுந்து சாக்கின் அடியைத் தொட்டுப் பார்த்தார். விரிப்பையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் இப்போதுதான் இஸ்திரி போட்ட துணிபோலச் சுட்டன.

"சூடு இங்கதான் இருக்கு. பேன்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை," என்று மேலே பார்த்துக் கத்தினார். கூட்டம் மொத்தமும் அவர் பேன்ட்டைப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஒட்டுப் போட ஒருவரும் வரவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சாப்பிடும்போது தையல்காரர் முனகினார்.

"உன்னால என் தொழில் போச்சு."

"பொசுங்குன பேன்ட்டை நம்பியா என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

மறுநாள் முதல் அவர் பள்ளிக்கூடப் பை தைக்க ஆரம்பித்தார்.