மறுபூசைக்கு முன் நான் எடுத்த முச்சலிக்கை

என் சின்னம்மா தொடுத்த கிணற்று வழக்கில், கோர்ட்டு கேட்ட பத்திரத்தை நான் ஒளித்தேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். அப்பாவும் அவர் தம்பியான சின்னய்யனும் பாகம் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாது அல்லவா? வாரத்தில் நான்கு நாள் எங்கள் மாடு கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கும், மூன்று நாள் அவர்கள் மாடு இறைக்கும் என்று முச்சலிக்கை எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒரே பிரதி. அது மூத்தவர் வீட்டில் இருக்கும். தனக்கும் ஒன்று வேண்டும் என்று தம்பி கேட்டால் அண்ணனைத் திருடன் என்று சொன்னது போலாகும். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இருவரும் இறந்தபின், சேலத்தில் பி.ஏ. முடித்து வந்த நான் மஞ்சளை இரண்டு மடங்காக நட்டேன். நான்கு நாள் தண்ணீர் போதவில்லை. மூன்று நாள் முறை என்பது அப்பா இரக்கப்பட்டு விட்டது, உரிமை அல்ல என்று சின்னம்மாவின் மாடுகளைத் திருப்பி அனுப்பினேன். அவர் வழக்குப் போட்டார். பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவிட்டது. அப்படி ஒன்று என்னிடம் இல்லை என்று பிரமாணம் செய்தேன். அது என் பெட்டியில், ஆங்கில இலக்கணப் புத்தகத்துக்குள் இருந்தது.

பயந்தேனா? இல்லை. வாய்தா நாளில் கோட்டு மாட்டிக்கொண்டு வண்டி ஏறினால் தேருக்குப் போவது போலிருக்கும். வக்கீலுக்கே நான் யோசனை சொன்னேன். ஜெயிக்கப்போகிறோம் என்ற துடிப்பில் சோறு இறங்காது.

தசராவுக்குக் கோர்ட்டு மூடியது. சரஸ்வதி பூசையன்று என் மனைவி, எழுதப் படிக்கத் தெரியாதவள், பெட்டியிலிருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்து அடுக்கியிருக்கிறாள். உள்ளிருந்து விழுந்த காகிதத்தையும் மரியாதையாக மேலே வைத்துப் பொட்டிட்டிருக்கிறாள். வழக்கு நடந்தாலும் பூசைக்குச் சின்னம்மாவை அழைக்காமல் இருப்பாளா? நான் கூடத்துக்குள் நுழைந்தபோது சின்னம்மா கும்பிட்டபடி நின்றார். மனைவி சுண்டல் எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தாள்.

"ஏஞ் சாமி, அது நம்ம முச்சலிக்கை தானே?"

"எதுங்க சின்னம்மா?"

"மேல கெடக்குதே. அந்த ஆமணக்கெண்ணெக் கறை நாந் தட்டி உட்டதாச்சே! உங்க சின்னய்யன் அன்னைக்கு என்னெப் பேசுன பேச்சு இருக்குதே!" சிரித்தார். "நீ இல்லீன்னதும் நாங்கூட உன்னெச் சந்தேகப்பட்டுட்டேன் கண்ணு. எங்கியோ மறந்து வெச்சுருக்கறே."

பறிக்கக் கை நீட்டினேன். தனக்குத்தான் எடுத்துத் தருகிறேன் என்று நினைத்து அவர் தடுத்தார்.

"தொடாதே சாமி! மறுபூசைக்கு முந்தி எடுக்கலாமா? எங்க போயிரப் போவுது? காலையில வாரேன்."

அவர் வாசலைத் தாண்டியதும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதை எடுத்தேன். அந்த இடத்தில் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழை வைத்தேன்.

காலையில் குளித்து, பூவோடு வந்தார். "நேத்து நீங்க பாத்தது இதுதானுங்க சின்னம்மா." அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படீங்களா?" என்றார். என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. பூவைக்கூட வைக்காமல் போய்விட்டார்.

கோர்ட்டு திறந்ததும் கூண்டேறி நடந்ததைச் சொன்னார்.

"கண்ணால பாத்தீங்களே அம்மா, கையோட எடுத்திருக்கலாமே?" என்று கேட்டார் என் வக்கீல்.

"பூசையில இருக்கறதெ எப்படீங்க எசமான் எடுக்கறது?"

கோர்ட்டில் சிரிப்பு. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. வழக்கு தள்ளுபடியானது. நான் வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன்.

அந்தக் கோடையில் வாரம் ஏழு நாளும் எங்கள் மாடுகள்தான் இறைத்தன. சின்னம்மாவின் மஞ்சள் இலை சுருண்டது. ஓடைப் பள்ளத்தில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்து பாத்திக்கு ஊற்றினார். அவருக்கு வழி எங்கள் வரப்புத்தான். அவர் வரும்போதெல்லாம் நான் மாட்டை அதட்டுவது போல் திரும்பிக்கொள்வேன். பத்திரத்தைக் கொடுக்க அப்போதும் நாள் இருந்தது. நான் கொடுக்கவில்லை.