இடுப்பு உறுத்தாத ஞாயிறு

வெர்லின் ஸ்டாம்பருக்கு உட்காரத் தெரியாது என்று அவர் மனைவி ஒலீட்டா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நிலக்கரி லாரி ஓட்டிய காலத்தில், லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாலும் வலது கால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டேதான் இருக்கும். சுரங்கத்தை மூடிய பிறகு வீடு வீடாகப் போய்த் தொட்டிகளில் கேஸ் நிரப்பும் வண்டி ஓட்டினார். முழங்கால் தேய்ந்துபோய் அதையும் விட வேண்டி வந்தது. அதற்கப்புறம் மனிதர் பட்ட பாடு இருக்கிறதே, அதைவிட ஒலீட்டா பட்ட பாடுதான் பெரிது. காலையில் எழுவார், குளிப்பார், வேலைக்குப் போகிறவர் போலச் சட்டையை மாட்டுவார், பிறகு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பார்.

"ஒண்ணு வெளிய போ, இல்ல உள்ள வா. கதவைத் திறந்து திறந்து மூடி, ஹீட்டர் காசெல்லாம் மலைக்குத்தான் போகுது" என்பாள் ஒலீட்டா.

யாருக்கும் தேவைப்படாத ஆளாகிவிட்டோம் என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்து ஆண்கள் முதுகுவலியைச் சொல்வார்கள், மழையைத் திட்டுவார்கள், இதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஷீனா நேப்பியர் வந்து கேட்டாள். ஷெரீப் அலுவலகத்தில் அவசர அழைப்புகளை எடுப்பவள் அவள். கணவன் இல்லை, ஒரே மகள். எங்கள் பாப்டிஸ்ட் சபையின் காவல் குழுவுக்கு அவள்தான் தலைவி. எங்கெங்கோ தேவாலயங்களுக்குள் புகுந்து எவனெவனோ சுட்டதை டிவியில் பார்த்ததிலிருந்து, இங்கே சின்னச் சின்னச் சபைகளில்கூட இரண்டு மூன்று பேர் கோட்டுக்கடியில் துப்பாக்கியோடுதான் ஆராதனைக்கு உட்காருகிறார்கள். ஒருவர் வாசலில், ஒருவர் பிரசங்க மேடை பக்கத்தில். இன்னொருவர், கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் மேல்முனையில். கீழேதான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்.

"படிக்கட்டுக்கு ஆள் வேணும் வெர்லின்" என்றாள் ஷீனா. "என் பொண்ணு பிரின்லி கீழதான் இருக்கா. அவளோட சேத்து எல்லாப் புள்ளைங்களும் இருக்கு. உங்களத் தாண்டி எவனும் அந்தப் படி இறங்கக் கூடாது. அவ்ளோதான் வேலை. முடியுமா?"

அவள் முடிப்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டார்.

வேட்டைத் துப்பாக்கிகள் அவரிடம் இருந்தன, ஆனால் இடுப்பில் வைக்கிற மாதிரி ஒன்று இல்லை. மைத்துனன் ட்வைட்டிடம் இருந்தது. தன்னுடைய மரம் அறுக்கும் ரம்பத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். ஒரு காலத்தில் நகரத்துத் துப்பறியும் போலீஸ்காரர்கள் கோட்டுக்குள் வைத்திருந்த வகை. குட்டையானது, முழுக்க இரும்பு, மூலைகள் தேய்ந்து வெளுத்திருந்தன. இப்போது வருகிற பிளாஸ்டிக் துப்பாக்கிகளுக்கு முன்னால் வைத்தால் இரும்புச் சாமான் கடையில் எடைபோட்டு வாங்கியது போலிருக்கும்.

அதற்கென்று ஒரு குணமும் இருந்தது. முதல் தோட்டாவுக்கு விசையை இழு இழு என்று நெடுந்தூரம் இழுக்க வேண்டும். இரும்பாய் முரண்டும். அது வெடித்த பிறகு, அடுத்தடுத்த தோட்டாக்களுக்கு விரலை வைத்தாலே போதும்.

சனிக்கிழமைகளில், பழைய சுரங்கம் வெட்டி மொட்டையாக்கிய மலைத்திட்டில் குழுவுக்குப் பயிற்சி. பலகையில் காகிதத் தட்டுகளை அடித்து வைத்திருப்பாள் ஷீனா. லாரி ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து வெர்லினின் விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கிப் போயிருந்தன. முதல் இழுப்பில் விரல் நடுங்கும், முனை சாயும், குண்டு தட்டுக்குக் கீழே மண்ணைக் கிளறும். அந்த எரிச்சலோடு அடுத்ததற்கு விரலை வைப்பதற்குள் அது தானாகவே வெடித்துவிடும்.

"முதல் குண்டு பூமிக்கு, ரெண்டாவது ஆகாயத்துக்கு" என்றாள் ஷீனா. "நடுவுல நிக்கிற திருடன் ஆற அமர காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

"கிண்டல் பண்ணாத. கைக்குப் பழகணும்ல?"

"இதை வித்துட்டு லேசா ஒண்ணு வாங்குங்களேன் பெரியவரே. ஏன் இந்தக் கிழட்டு இரும்பைக் கட்டிக்கிட்டு அழுறீங்க?"

"கிழடு கிழட்டைத்தான் கட்டிக்கும். நீ தட்டை மாத்து."

விற்க அவருக்கு மனமில்லை. ஷீனாவும் ஒருவிதத்தில் அதை மதித்தாள். உறையில் வைக்கும்போது லாக்கைப் போட வேண்டாம் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆபத்து நேரத்தில் லாக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த முதல் இழுப்பின் முரண்டுதான் இதற்கு லாக், தெரியாமல் கைபட்டு வெடிக்காது என்றாள். அந்த வகைத் துப்பாக்கிக்கு அது சரியான பேச்சுதான்.

சுடுவது ஒரு பாடு என்றால் சுமப்பது இன்னொரு பாடு. பேன்ட்டுக்குள் செருகிய உறை இடுப்பெலும்பைக் குத்தியது. உட்கார்ந்தால் பிடி விலாவில் ஏறியது. பெல்ட்டை இறுக்கினால் மூச்சு முட்டியது, தளர்த்தினால் பேன்ட் இறங்கியது. தோள்பட்டை வார் ஒன்று வாங்கி மாட்டினார். சபையில் ஒலீட்டா கட்டிப்பிடித்தபோது கை அதில் இடித்துவிட்டது.

"நான் யாருக்கு வாக்கப்பட்டேன்? உனக்கா, அதுக்கா?" என்றாள்.

ஆராதனையில் அவரால் ஒரு வசனத்தைக்கூட முழுசாகக் கேட்க முடியவில்லை. ஒரு பக்கம் சாய்வார், மறுபக்கம் சாய்வார், கோட்டை இழுத்து மூடுவார், மூடியது சரியாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். வாசலில் யாராவது தாமதமாக வந்தால் கை கோட்டுக்குள் போகும். வந்தது மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் டாட்ஸன் கிழவனாக இருக்கும். மூல வியாதிக்கு மருந்து சொல்லட்டுமா என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி ஒலீட்டாவிடம் இரக்கத்தோடு கேட்டதும் உண்டு.

கழிவறை தனித் தலைவலி. பெல்ட்டை அவிழ்த்தால் துப்பாக்கி சரிந்து விழும். அதற்கும் ஷீனாவிடம் சட்டம் இருந்தது. "கால்ல கிடக்கிற பேன்ட்டுக்குள்ளயே, ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சிக்கங்க. அதை எடுக்காம எந்திரிச்சு நடக்க முடியாது. வேற எங்கயும் வைக்கக் கூடாது. சிங்க் மேல வைக்காதீங்க, டாய்லெட் பேப்பர் பெட்டி மேல வைக்காதீங்க. சிரிக்காதீங்க, நான் எடுக்கிற போன்ல பாதி இந்தக் கதைதான்."

குளிர்காலம் வந்தது. விரல்கள் இன்னும் மோசமாயின. ஒரு சனிக்கிழமை ஷீனா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஈஸ்டருக்குள் தட்டில் குண்டு ஏறாவிட்டால் படிக்கட்டுக்கு வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். வெர்லினுக்கோ யாரோ மறுபடியும் சுரங்கத்தை மூடியது போலிருந்தது.

அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஊர்த் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போனார். முன்பு ஒரு முறை இதை ஜாடையாகக் கேட்டபோதே ஷீனா கூடாது என்று சொல்லியிருந்தாள். தெரிந்தேதான் போனார். மெக்கானிக் உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மென்மையானது ஒன்றைப் போட்டு, விசைப் பாகங்களைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தான். இழுத்துப் பார்த்தார். முரட்டு மாடு பசுவாகிவிட்டது. வண்டியில் வரும் வழியெல்லாம் விசிலடித்தார்.

அந்தச் சனிக்கிழமை முதல் குண்டே தட்டில் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது.

"என்னய்யா பண்ணினீங்க?" என்றாள் ஷீனா வாயைப் பிளந்து.

"பழக்கம்தான்" என்றார் வெர்லின். அந்தப் பொய் அவ்வளவு எளிதாக வந்தது.

கை பழகியதும் உடம்பும் பழகியது. புது உறை ஒன்று இடுப்பில் சரியாக ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போனார், முடி வெட்டிக்கொண்டார், அவரைக்காய்ச் சூப்பும் சோள ரொட்டியுமாக மூக்குமுட்டச் சாப்பிட்டார். எதிலும் அது குறுக்கே வரவில்லை. "ஒரு நாள் அது இருக்கிறதே மறந்துபோகும் பாருங்க, அன்னைக்குத்தான் பழகிடுச்சுன்னு அர்த்தம்" என்று குழுவில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளைத்தான் மனிதர் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதத்து ஞாயிறு. ஆராதனை தொடங்குமுன் கீழ்த்தளத்துக் கழிவறைக்குப் போய்வந்தார். சபைக்கு இருப்பது அது ஒன்றுதான். மேலே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பாஸ்டர் கார்லிஸ் அன்று பைபிளில் வரும் யோனாவின் கதையை எடுத்துக்கொண்டார். கடல் கொந்தளிக்கிறது, மாலுமிகள் அலறுகிறார்கள், யோனா மட்டும் கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்குகிறான். வெர்லின் சாயவில்லை, நெளியவில்லை, கோட்டைத் தொடவில்லை. பல மாதங்களில் முதல் முறையாக ஒரு பிரசங்கத்தை ரசித்துக் கேட்டார். உடம்பு லேசாக இருந்தது. ஒலீட்டா அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பாட்டுப் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினார். முழங்கை இடுப்பில் உரசியது. அங்கே வெறும் சட்டைதான் இருந்தது.

குனிய முழங்கால் விடவில்லை என்று அதைப் பேப்பர் பெட்டியின் மேல் வைத்தது கண்முன் வந்தது.

படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தேய்ந்த முழங்கால் அன்று வலிக்கவில்லை. வகுப்பறைக்குள் பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். கழிவறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு உள்ள?"

"நான்தான்" என்றது ஒரு சின்னக் குரல். "பிரின்லி."

வெர்லின் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். கத்தினால் பயந்துவிடுவாள். பயந்தால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் ஓடவில்லை.

"கண்ணு, நான் வெர்லின் தாத்தா. கதவைத் திறக்கிறியா?"

"இருங்க, இன்னும் முடியல."

"சரி. மெதுவா வா. உள்ள ஒரு சாமான் இருக்கா, கறுப்பா?"

"உங்களோடதா தாத்தா?"

"ஆமாடா. அதைத் தொடாத. அது பக்கத்துலயே போகாத. தாழ்ப்பாளை மட்டும் திற."

"கை கழுவிட்டு வரேன்."

தண்ணீர் ஓடியது. சோப்பு போட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி பாட்டு முணுமுணுத்து, நிதானமாகக் கழுவினாள். அந்தப் பாட்டு முடிவதற்குள் வெர்லினுக்குப் பாதி உயிர் போய்விட்டது. தாழ்ப்பாள் விலகியது. அவளை ஒரு கையால் இழுத்துத் தன் பின்னால் நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். பேப்பர் பெட்டியின் மேல் அது இல்லை. வாஷ்பேசின் விளிம்பில் இருந்தது. எடுத்துத் தோட்டா மேகசினை உருவினார், குழலில் இருந்த தோட்டாவை வெளியே தள்ளினார். அது தரையில் விழுந்து உருண்டது. குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க தாத்தா" என்றாள் பிரின்லி. "கிளாஸ்ல கேக்காமலே வந்துட்டேன். திட்டுவாங்க."

அந்தக் கணத்தில் வெர்லினுக்கு ஆசை வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலே யாருக்கும் தெரியாது. பிள்ளையே வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறது. ஈஸ்டர் வரும், தட்டில் குண்டு ஏறும், படிக்கட்டு அவருடையதாகவே இருக்கும். ஆனாலும் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, படியின் கீழேயே நின்று, மேலே வாசல் காவலில் இருந்த ஷீனாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

நடந்ததைச் சொன்னார். ஷீனாவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அலறல்களைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவள், குரல் மட்டும் மாறவில்லை. மகளின் முன் மண்டியிட்டாள்.

"தொட்டியா, பாப்பா?"

"பேப்பர் எடுக்க முடியலம்மா. அதான் கொஞ்சம் நகத்தி வச்சேன்."

"எப்படி நகத்தின? காட்டு."

பிரின்லி ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல மடக்கிக் காட்டினாள். "அதுல ஒரு ஓட்டை இருக்குல்ல, அதுல விரலை விட்டுத் தூக்கினேன். கனமா இருந்துச்சு."

ஷீனா கண்ணை மூடித் திறந்தாள். நீளமாக மூச்சு விட்டாள். "தெய்வாதீனம்" என்றாள், வெர்லினை நிமிர்ந்து பார்த்து. "நல்லவேளை, உங்க கிழட்டு இரும்பா இருந்துச்சு. அந்த முரண்டுக்கு இவ விரல் எம்மாத்திரம். விடுங்க வெர்லின், எங்கப்பாவே ஒரு தடவை ஹோட்டல் பாத்ரூம்ல விட்டுட்டு வந்திருக்கார். அழாதீங்க."

அவர் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அவள் மன்னித்துவிட்டாள். பேசாமல் தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"ஸ்பிரிங்கை மாத்திட்டேன், ஷீனா" என்றார். "போன மாசம். முதல் இழுப்பு இப்ப லேசு."

ஷீனா அவரைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. மடங்கியபடியே இருந்த மகளின் அந்த ஒற்றை விரலைத் தன் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். மேலே சபை பாடத் தொடங்கியிருந்தது.

"வலிக்குதும்மா, விடு" என்றாள் பிரின்லி.

ஷீனா விடவில்லை.