மதலேனம்மாள் தன்மேல் போட்டுக்கொண்ட பழி

ஏலாக்குறிச்சி மதலேனம்மாள் கடலைப் பார்த்தவள் அல்ல. ஆனால் கடல் மீன்களுக்குக் கையால் இரை போட்டவள். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. கடலூர்க்காரர் ராசாங்கம் என்பவர் 'சமுத்திரக் காட்சி' என்று ஒரு கூடாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பெரிய பெரிய கண்ணாடித் தொட்டிகள். பரங்கிப்பேட்டையிலிருந்து மரப்பீப்பாய்களில் கடல் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கும். ஒரு தொட்டியில் கடல்குதிரை, ஒன்றில் வரி வரியான கிளிமீன், கோடித் தொட்டியில் பாம்பு மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை மீன். ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் ஒரு மின்விளக்கு. தண்ணீருக்குள் காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கக் கூடாரத்துக்கு வெளியே ஓர் எண்ணெய் இஞ்சின்.

அந்த இஞ்சின் அரியலூரில் மக்கர் பண்ணியபோதுதான் மதலேனம்மாளின் புருஷன் அமிர்தசாமியைக் கூப்பிட்டு வந்தார்கள். அரிசி மில்லில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவன். கையை வைத்த கொஞ்ச நேரத்தில் அதை ஓடவிட்டான். ராசாங்கம் அவனை விடவில்லை, கூடவே வரச்சொன்னார். அமிர்தசாமி பெண்டாட்டியையும், மச்சினன் தங்கசாமியையும் சேர்த்துக்கொண்டு போனான். மதலேனம்மாளுக்கு இரை போடுவதும் கண்ணாடி துடைப்பதும் வேலை. தங்கசாமி இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று சுவிட்சுப் பிடியை ஏற்றி இறக்குவான். வரதராசன்பேட்டையில் தாயில்லாமல் வளர்ந்தவன் அவன். அக்காளைவிட மச்சான்மேல்தான் அவனுக்கு உயிர். மச்சான் பீடி பிடித்தால் இவன் தீப்பெட்டியோடு நிற்பான்.

உப்புத் தண்ணீர் அந்தச் சாமான்களைச் சும்மா விடவில்லை. விளக்கு மாட்டும் பித்தளைக் குமிழ்கள் பச்சை பூத்தன. தகரம் பொரிந்து உதிர்ந்தது. ஒயரெல்லாம் பட்டாளத்தார் கழித்துப் போட்டது. மேலே இருந்த ரப்பர் வெடித்து உள்ளே உப்பு ஏறியிருந்தது. ஒருநாள் மதலேனம்மாள் தொட்டிக்குள் கையை விட்டபோது தோள்பட்டை வரைக்கும் சுரீரென்று இழுத்தது. அமிர்தசாமி பயந்துபோனான்.

"இனிமே தங்கசாமி பிடியை இறக்காம நீ தண்ணியில கை வைக்கக் கூடாது, கேட்டியா? உப்புத் தண்ணிக்கும் கரண்டுக்கும் ஆகவே ஆகாது."

ராசாங்கத்திடமும் சொன்னான். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கல்லங்குறிச்சித் தேர் முடிந்ததும் திருச்சிக்குப் போய்ப் புது ஒயர் வாங்கி வரலாம் என்றார். அதுவரை துணியும் தாரும் சுற்றி ஒப்பேற்றினான் அமிர்தசாமி.

கல்லங்குறிச்சியில் கோயிலுக்கு எதிர்த் திடலில் கூடாரம் போட்டார்கள். தேரன்று மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்கிய கூட்டமெல்லாம் உள்ளே நெருக்கியடித்தது. அஞ்சாலைத் தொட்டிக்கு மேலிருந்த விளக்கு அப்போதுதான் விழுந்தது. துருப்பிடித்த கம்பி அறுந்து, விளக்கு, ஒயர் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. விளக்கின் கண்ணாடி வெடித்துச் சிதறியது. மீன் துள்ளிக் கண்ணாடியில் மோதியது. ஜனங்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"தங்கசாமி, இறக்கு!" என்று அமிர்தசாமி கத்தினான். பிடி இறங்கியது. கூடாரம் இருண்டது. இஞ்சின் மட்டும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு. மதலேனம்மாள் வாசல் படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த வெளிச்சத்தில் அமிர்தசாமி இரண்டு கையையும் தோள் வரை தண்ணீருக்குள் விட்டு, ஒயரை இழுத்துக்கொண்டே கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினான்.

காற்று ஊதும் மோட்டாரும் நின்றுவிட்டதால் மற்றத் தொட்டிகளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ராசாங்கம் கையைப் பிசைந்தார். "சீக்கிரமாப் பாரப்பா, எல்லாம் செத்துடும் போலிருக்கே." "இதோ ஆச்சுங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்றான் அமிர்தசாமி.

தேர் திரும்பும் நேரம். கொட்டும் மேளமும் கோவிந்தா சத்தமும் திடலை அடைத்தன. இஞ்சின் பக்கத்திலிருந்து தங்கசாமியின் குரல் வந்தது.

"அக்கா, போடட்டா?"

"போடாதடா! போடாத!" என்று கத்தினாள் மதலேனம்மாள். தொண்டை கிழியக் கத்தினாள். மேளச் சத்தத்தில் அவன் காதுக்குப் 'போடு' என்றுதான் போய்ச் சேர்ந்தது.

எல்லா விளக்கும் எரிந்தது.

அமிர்தசாமி சத்தம் போடவில்லை. தொட்டி விளிம்பைக் கட்டிப் பிடித்தவன் மாதிரி விறைத்து நின்றான். அவள் "இறக்கு, இறக்கு" என்று வெளியே ஓடித் தானே பிடியை இழுத்து இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. மாட்டு வண்டியில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேர் தங்கசாமியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ரயில் தண்டவாளத்தில் நடந்துபோய்க்கொண்டிருந்தானாம். வண்டி வருகிற நேரம் என்று கத்தியும் விலகவில்லையாம். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் அழவில்லை. "மச்சானைக் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இன்றைக்குப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். நாளைக்கு யார் பிடிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

போலீஸ் ஏட்டு வந்து விசாரித்தார். ராசாங்கமும், ஏலாக்குறிச்சியிலிருந்து வந்த மாமியாரும், உறவுக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

"யாரும்மா கரண்டைப் போடச் சொன்னது?"

"நான்தாங்க" என்றாள் மதலேனம்மாள். "வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுப் போடுன்னு கத்திட்டேன். அவன் நான் சொன்னதைத்தான் செஞ்சான்."

தங்கசாமி தலையைத் தூக்கினான். "அக்கா, நெசமாவே நீ போடுன்னுதான் சொன்னியா?"

"ஆமாண்டா. போடுன்னுதான் சொன்னேன்."

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. தரையில் விழுந்து அழுதான். ஏட்டு அதை விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மாமியார் அப்படி விபத்து என்று எழுதிக்கொள்ளவில்லை, மறக்கவுமில்லை. அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பியதும் வாசலை மறித்து நின்றாள். "எம்மவன் கையி தண்ணிக்குள்ள இருக்கையிலயா போடச் சொன்ன? உனக்குக் கண்ணு எங்கடி போயிருந்துது? நீ இந்த வூட்டுல கால் வைக்காத." மாற்றுப் புடவையைக்கூடக் கேட்காமல் மதலேனம்மாள் வரதராசன்பேட்டைக்கு நடந்தாள்.

தம்பி வீட்டில் இருப்பான், இரண்டு பேருமாக அழலாம் என்று நினைத்துத்தான் வந்தாள். ஆனால் அவன் அவள் சொன்னதை அப்படியே நம்பியிருந்தான். உயிர் பிழைப்பதற்காகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட அந்தப் பேச்சே நாளாக ஆக அவனை அக்காளுக்கு எதிராகத் திருப்பிவிட்டது. அவள் வைத்த சோற்றில் கை வைக்க மாட்டான். ஒருநாள் கலயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா மச்சான் இருந்திருப்பாரு. என் கையால அதைப் பண்ண வெச்சுட்டியே. உன்னைப் பாக்கப் பாக்க எனக்கு அந்தப் பிடிதான் ஞாபகம் வருது."

அவள் அன்றைக்கே வீட்டை விட்டு, கன்னியர் மடத்துச் சமையலில் சேர்ந்துகொண்டாள்.

தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட, மண்டியிட்டபோது ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் சொன்னார்.

"அவனிடம் சொல்லிவிடேன் அம்மா. இந்தச் சுமையை எத்தனை காலம் தூக்குவாய்?"

"சொன்னா அவன் செத்துடுவான் சாமி. அவுரையும் குடுத்துட்டேன். இவனையும் குடுக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

சாமியார் அவளை ஆசீர்வதித்தார். செபம் சொல்லி அனுப்பிவிட்டார்.

தங்கசாமி முந்திரிக் கொல்லைகளில் வேலைக்குப் போக ஆரம்பித்தான். மெதுமெதுவாகத் தெளிந்தான். ஊருக்குள் சிரித்துப் பேசினான் என்று யாராவது சொன்னால், அடுப்படியில் நின்றபடி அவள் காதைத் தீட்டிக் கேட்பாள். அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அக்காளுக்கு அழைப்பு இல்லை. கோயிலில் கடைசித் தூணருகே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்று பார்த்தாள். வார்த்தைப்பாடு கொடுக்கும்போது தம்பியின் குரல் நடுங்காமல் கேட்டது.

நாற்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தங்கசாமியின் மனைவி சாந்தி மேரி கைக்குழந்தையோடு மடத்துச் சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள். புருஷனுக்குத் தெரியாமல்தான் வந்தாள்.

"நாத்தனாரே, உங்க அக்கா தம்பி சண்டையெல்லாம் எனக்குத் தெரியாது. புள்ளைய அத்தைகாரி ஒரு தடவை தூக்க வேணாமா?"

மதலேனம்மாள் ஈரக்கையை அவசரம் அவசரமாக முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பையன். அமிர்தசாமி என்று பெயர் வைத்திருப்பதாகச் சாந்தி மேரி சொன்னாள். "அவருதான் வெச்சாரு. வேற பேரே கூடாதுன்னுட்டாரு."

அவள் குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டாள்.

வேலிக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. தங்கசாமி வந்து நின்றிருந்தான். உள்ளே பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டான்.

"மேரி, புள்ளைய வாங்கிட்டு வா. வெயிலாவுது."

சாந்தி மேரி நாத்தனாரைத் தயக்கமாகப் பார்த்தாள். "தலையில துணி போட்டுத் தூக்கிட்டுப் போம்மா" என்று மதலேனம்மாள் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் ரோட்டுத் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்றாள். தங்கசாமி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தான். அடுப்பில் உலை பொங்கி வழிகிறது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.